உப்பு லாரியும் என் ஆய்வறிக்கையும்

அண்ணாச்சி,

இன்று காலை துறைமுகச் சாலையில் எனக்கு முன்னால் போன பழைய லாரி ஒன்று கரும்புகையைக் கக்கியது. கண் எரிந்து ஸ்கூட்டரை ஓரம்கட்டினேன். புகையோடு ஈரச் சாக்கின் வாடையும் வந்தது. லாரி மறைந்த பிறகும் அங்கேயே நின்றேன். உங்களை நினைத்து அழ வேண்டுமா, உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

உப்பளத்திலிருந்து துறைமுகம் வரை உப்பு போகும் வழியில் எவ்வளவு புகை வீணாக எழுகிறது என்பதுதான் என் ஆய்வு. கல்லூரியில் அதற்குப் பசுமை விநியோகச் சங்கிலி என்று பெயர். மற்ற ஓட்டுநர்கள் முகம் கொடுக்காமல் போக, நீங்கள்தான் உங்கள் உப்பு லாரியின் கதவைத் திறந்து, "ஏறுங்க டீச்சர்" என்றீர்கள். நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்தச் சங்கிலில என் வண்டி எங்கன வருது?" என்றீர்கள்.

"நடுவுல, அண்ணாச்சி."

துறைமுக வாசலில் வரிசை நகரவே இல்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் அணைக்கவில்லை என்று கேட்டேன்.

"உள்ளதைச் சொல்லவா, கம்பெனிக்குப் பிடிச்சதைச் சொல்லவா?"

"உள்ளதையே சொல்லுங்க."

"அணைச்சா திரும்ப எடுக்காது. பேட்டரி அந்த லெச்சணத்துல கெடக்கு. பாதி நாள் இப்படித்தான் உறுமிக்கிட்டு நிக்கும். எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டேன். என் அறிக்கையில் யாரும் மறுக்க முடியாத பக்கம் அதுதான். உப்புக் கம்பெனி அதைப் படித்துவிட்டு, பழைய லாரிகளுக்கு இனி லோடு இல்லை என்று முடிவு செய்தது. உங்களைப் போல் சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் புது வண்டிக்கு மாறக் கம்பெனி உதவ வேண்டும் என்றும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கல்லூரியில் எனக்குச் சால்வை போர்த்திய அதே வாரம் நீங்கள் லாரியை விற்றீர்கள்.

பிறகு ஒருமுறை மூன்றாம் மைல் டீக்கடையில் பார்த்தோம். எனக்கும் சேர்த்து டீ சொன்னீர்கள். நான் தலை குனிந்திருந்தேன்.

"நீங்க பொய்யா ஒண்ணும் எழுதலையே டீச்சர். நான் சொன்னதைத்தானே எழுதுனிய."

திட்டியிருந்தால் அன்று நிம்மதியாக வீடு போயிருப்பேன்.

நீங்கள் இறந்துபோன செய்தி கேட்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் புகைதான் நெஞ்சைக் கெடுத்துட்டுன்னு டாக்டர் சொன்னாரு. வண்டியை முன்னமே வித்திருந்தா இருந்திருப்பாவளோ என்னமோ" என்றார். கையை விடாமலே, "ஆனா வித்த அன்னைக்கே மனுசன் பாதி ஆயிட்டாவ" என்றார்.

அப்படியென்றால், அண்ணாச்சி, உங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அறிக்கையை நான் தாமதமாக எழுதினேனா? இல்லை, உங்களிடம் மிச்சமிருந்த தெம்பையும் பிடுங்கிக்கொண்டேனா? நான் எழுதியது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். அப்படி நினைக்கும்போதெல்லாம் உங்கள் முகம் வந்துவிடுகிறது.

இப்போது நிலக்கரி ஏற்றும் லாரிகளைப் பற்றிப் புது ஆய்வு தொடங்கியிருக்கிறோம். கேள்வித்தாளின் கடைசியில் ஒரு கேள்வி சேர்த்தேன்: "நீங்கள் சொல்வதை நாங்கள் எழுதினால் உங்கள் பிழைப்பு என்ன ஆகும்?" என்னோடு வேலை செய்யும் தோழி போன வாரம் வந்து சொன்னாள். "இதைக் கேட்டதும் டிரைவர்கள் முன்னால சொன்னதையும் அடிச்சிரச் சொல்லுதாங்க. அந்தக் கேள்வியை எடுத்துரலாமா?"

அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன், அண்ணாச்சி.