நகராத பீரோ

சகுந்தலா அக்காவுக்கு நமஸ்காரம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

நாவலூர் விடுதியில் வார்டனான எனக்கு வேறு அறை கொடுத்தார்கள். வாட்ச்மேனால் என் பீரோவைத் தள்ள முடியவில்லை. தரையில் சோப்புத் தண்ணீர் ஊற்றினான். பீரோ நின்றது, அவன் வழுக்கி விழுந்தான்.

“இன்னாம்மா, உள்ள கல்லா கீது? காலி பண்ணு, தள்ளிர்லாம்.”

கனம் குறைந்தால் உராய்வும் குறையும் என்று கான்வென்ட்டில் படித்தவள்தான் நான். ஆனால் அவர் காலமானதிலிருந்து பீரோவைத் திறக்க மனம் வரவில்லை.

திறந்தேன். அவருடைய புத்தகங்களையும் சட்டைகளையும் கட்டிலில் அடுக்கியதும் பீரோ சுலபமாக நகர்ந்தது.

அவற்றைத் திரும்ப உள்ளே வைக்கவில்லை. அங்கே கருங்குழியில் உங்கள் அக்கம்பக்கத்தில் யாருக்காவது உதவுமா என்று கேட்டு எழுதுங்கள். சாம்பல்நிற ஸ்வெட்டரை மட்டும் கொடுப்பதாக இல்லை. இங்கே ஏசி குளிர் அதிகம்.

பெண்கள் சாப்பிட வந்துவிட்டார்கள்.

தங்கை,
காமு