நாற்றம் போன கால்வாய்

ஆம்பூர்

அன்பு மகள் சங்கீதாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீயும் அந்த நெதர்லாந்துக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். சின்ன வயதில் என்னோடு பள்ளிக்கூட பஸ்ஸில் வரும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஒன்று கேட்பாயே, நாத்தம் போய்ட்டா கால்வாய் சுத்தமாய்டுமாம்மா என்று. இந்த ஒரு வாரமாக அந்தக் கேள்விதான் மனதில் ஓடுகிறது.

அப்பாவுக்கு முட்டிவலி கம்மி. அடுத்த வீட்டு ஹலீமா பீ மகளுக்குக் குடியாத்தத்தில் சம்பந்தம் முடிந்திருக்கிறது, எனக்குத் தெருவில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. முன்பெல்லாம் நல்ல சேதி என்றால் முதலில் நம் வீட்டுக்குத்தானே வருவாள். காரணம் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். பொங்கலுக்கு வந்தபோது உன் கம்பெனியின் பிளாஸ்மா மெஷினைத் தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுத் தொட்டிமேல் மாட்டினாய். இன்னா டீச்சர் அது, நெருப்பா, மின்னலா என்று தெருவே கேட்டது. எரிகிற டியூப்லைட்டைத் தொட்டால் கை சுடுகிறதா, உள்ளே இருக்கிற வாயுவில் கரண்டு பாய்ந்துதானே வெளிச்சம் வருகிறது, அதுபோலச் சுடாமலே நாற்றத்தை உடைத்துப் போடுகிற மெஷின் என்று நான்தான் விளக்கினேன். நாற்றமும் போனது. ஜன்னலைத் திறந்துவைத்துச் சாப்பிட்டோம், எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா.

கால்வாய் ஓரத்தில் கீரை போடும் பாக்யலட்சுமியின் விதையிலும் ஒரு பிடி வாங்கி அதே பிளாஸ்மாவில் காட்டித் திருப்பிக் கொடுத்தாய். மற்ற பாத்திக்கு முன்னாலேயே முளைத்துவிட்டது டீச்சர் என்று ஓடிவந்து சொன்னாள். அப்புறம் அவள் கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சப் பாய்ச்ச இலை ஓரம் கருகிப் போயிற்று. தோலோடு வருகிற உப்பைக் கழுவிக் கால்வாயில் விடுகிறார்கள், அது அவள் கிணற்றில் இறங்குகிறது. நாற்றத்தை உடைக்கலாம், உப்பை எங்க மெஷின் ஒண்ணும் பண்ணாதும்மா என்று நம் சமையல்கட்டில் உட்கார்ந்து நீதான் சொன்னாய். அதனால்தான் நீ போனில் படம் பிடித்தபோது நான் இரண்டையும் சொன்னேன். நாத்தம் போய்ட்டுது, எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். உப்பு போகல, பாக்யலட்சுமி கிணறு இன்னும் கரிக்குது, கால்வாயில உப்புத் தண்ணி விடறதை நிறுத்தணும்.

போன வாரம், கால்வாயைப் பற்றித் தெருக்காரர்கள் கொடுத்த புகாருக்கு நடந்த விசாரணையில் ஷாப்காரர்கள் அந்தப் படத்தைப் போட்டார்கள். திரையில் பெரிதாக என் முகம். ரொம்ப சந்தோஷம் என்று நான் சிரிக்கிறதோடு நின்றுவிட்டது. டீச்சரே சொல்லிட்டாங்களே, அப்புறம் இன்னா பிரச்சினை என்றார் அதிகாரி. பக்கத்தில் இருந்த பாக்யலட்சுமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்ததும் ஹலீமா பீதான், உங்க பொண்ணு மெஷின் நாத்தத்தை மட்டுமில்ல டீச்சர், உங்க பேச்சையும் பாதி தின்னுடுச்சு என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

ஷாப்காரர்கள்தான் வெட்டியிருப்பார்கள் என்று உன்னிடம் சொல்லி அழத்தான் அன்றைக்குப் போன் செய்தேன். நான்தாம்மா வெட்டினேன், ஜாஸ்தி நீளமா இருந்துச்சு, மெஷினை விக்க மத்த ஷாப்புக்கும் காட்டணும், உப்புன்னு ஆரம்பிச்சா பேஜார் என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன். இந்தத் தெருவில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், டீச்சர் முழுசாகச் சொல்வாள் என்றுதான் நம்பினார்கள். மெஷின்மேல் எனக்குக் கோபமில்லை, அது செய்வேன் என்றதைச் செய்தது. நீ என்னை வைத்து என் ஜனங்களை ஏமாற்றிவிட்டாய் பாப்பா. அடுத்த மாதம் இன்னொரு விசாரணை இருக்கிறது, அதிலும் தோற்றால் பாக்யலட்சுமி நிலத்தை விட்டுவிட்டு ஷூ கம்பெனிக்குப் போகவேண்டியதுதான். முழுப் படத்தையும் அனுப்பு. உன் வாயாலும் உப்பைப் பற்றிச் சொல்லி அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு. கோபத்திலும் உனக்காக விளக்கேற்றாமல் நான் படுப்பதில்லை, நீ நன்றாக இருக்கவேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டுக் கரையும்வரை கலக்கு. வெளிச்சத்தில் தூக்கிப் பார், மோந்து பார். பிறகு ஒரு வாய் குடி.

உன் அம்மா
விஜயகுமாரி