பிரசங்கத்துக்குக் கொடுத்த பிள்ளைகள்

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. கடவுள் காக்க, நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று திகைக்காதே. போன வாரம் ஆலயத்துப் படிகளைத் துடைக்கும்போது வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன், மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். 'இந்த வாக்கியத்துக்கு எழுவாய் எங்கேம்மா' என்று நடுவில் நிறுத்திக் கேட்கிறாள். இவளிடம் மாட்டிக்கொண்ட ஆசிரியர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அந்த வரியையும் விடாமல் எழுதிவிட்டாள்.

வீடு நீ விட்டுப்போனபடியேதான் இருக்கிறது. ஒரு பக்கம் ஆலயம், ஒரு பக்கம் சபை ஆபீஸ், நடுவில் நாங்கள். கொடியில் துணி போட்டால், 'பாஸ்டரம்மா, இன்னிக்கு லேட்டாத் தோச்சீங்களா' என்று வாசலிலிருந்தே கேட்கிறார்கள். அழ வேண்டுமென்றால் குளியலறைதான், அங்கும் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழ வேண்டும். அப்பாவின் படிப்பறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் அதே பலகைச் சுவர். சனிக்கிழமை மாலை அவர் உள்ளே நின்று பிரசங்கத்தைச் சொல்லிப் பார்க்க, வெளியே நாங்கள் தட்டுச் சத்தம் வராமல் சாப்பிடுகிறோம். இந்த வாரம் நம் பெயர் வருகிறதா என்று நீ சுவரில் காதை வைத்துக் கேட்பாயே, இப்போது அதை இவள் செய்கிறாள்.

இவள் விஷயத்துக்கு வருகிறேன். சபையில் முழு அங்கத்தினராகச் சேருமுன் பிள்ளைகளுக்கு எடுக்கிற திடப்படுத்தல் வகுப்பில் ஒரு தாள் கொடுத்தார்களாம். 'நான் முழு மனதோடு விசுவாசிக்கிறேன்' என்று அச்சடித்திருக்கும், கீழே கையெழுத்துப் போட வேண்டும். மற்ற பதினொரு பேரும் போட்டுவிட்டார்கள். இவள் 'முழு' என்ற சொல்லை மட்டும் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். வகுப்பெடுக்கிற டீச்சர் அதை உறையில் போட்டு ஒட்டி அப்பாவிடம் கொண்டுவந்து கொடுத்தார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். 'எவ்வளவு இருக்கோ அவ்வளவுக்குத்தான் கையெழுத்துப் போட்டேம்மா, மிச்சத்துக்குப் போட்டா அது பொய்யில்லையா' என்றாள். அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். முகம் மலர்ந்து பேனாவை எடுத்தார், அதுதான் பயமாக இருந்தது.

சனிக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது: 'அருமையானவர்களே, என் வீட்டிலேயே ஒரு சின்னக் கை ஒரு பெரிய சொல்லை அடித்துவிட்டது.' ஒரே வரியை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். இவள் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். 'நாளைக்கு நான் வரலம்மா, வயித்து வலின்னு சொல்லிடுங்க' என்றாள். உடனே, 'வேண்டாம், அது பொய். வரலைன்னே சொல்லுங்க' என்றாள். போதகர் வீட்டார் பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தால் திங்கட்கிழமைக்குள் எத்தனை பேர் நலம் விசாரிக்க வருவார்கள் என்று உனக்குத் தெரியும். இதையெல்லாம் உனக்கு எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்து, 'அண்ணனுக்குன்னா எழுதலாம், அண்ணிக்கு வேண்டாம்' என்றாள். ஆகவே இதுவரை படித்ததை உன்னோடு வைத்துக்கொள்.

இனி வருவது என் இடது கை. அவளைத் தபால்தலை வாங்க அனுப்பிவிட்டேன். உன் கடிதத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது. எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. எனக்கு மட்டும் என்று எழுதியிருந்தாய், அப்பா பார்க்கவில்லை. ஏழு வயதில், செத்துப்போன நாய்க்குட்டியை உயிரோடு தரச்சொல்லி மூன்று நாள் ஜெபித்துவிட்டு, வந்துவிட்டதா என்று மண்ணைத் தோண்டிப் பார்த்தாய். என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அதைச் சொன்னாய். யாரிடமும் சொல்லாதீங்கம்மா என்றாய். அடுத்த ஞாயிறு அப்பா அதைப் பிரசங்கத்தில் சொல்ல, சபையே சிரித்தது, பாதிப் பேர் அழவும் செய்தார்கள், அந்தக் கதைக்காகவே அப்பாவை வேறு ஊர்களுக்குக் கூப்பிட்டார்கள். உன் கல்யாணத்தன்றுகூட ஒருவர், 'நம்ம நாய்க்குட்டித் தம்பியா இது, வளர்ந்துட்டாரே' என்றார். 'அதுக்கப்புறம் நான் உங்ககிட்ட எதையுமே சொல்லலம்மா, நீங்க கவனிக்கவே இல்ல' என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், கவனிக்கவில்லை. அமைதியான பிள்ளை என்று நான்கு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ அப்பாவைத்தான் குறை சொல்கிறாய். வெள்ளிக்கிழமைதோறும் 'பிள்ளைங்க இந்த வாரம் என்னம்மா பண்ணாங்க' என்று அவர் கேட்பார், எடுத்துக் கொடுத்தவள் நான். கேட்டு அழுத பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. கடவுள் உன்னை ஒரு விதமாகவும் அவளை ஒரு விதமாகவும் செய்து எங்களிடம் கொடுத்தார், வளர்க்கத்தான் கொடுத்தார். நாங்கள் ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை படிப்பறைக்குள் போய், இவள் கதை வேண்டாம் என்றேன். 'நான் திட்டலையே, பெருமையாத்தானே சொல்றேன். என் பொண்ணைப் பத்தி நான் பேசக் கூடாதா' என்றார். உன் கடிதம் என் இடுப்பில் செருகியிருந்தது. அதைக் காட்டியிருந்தால் அந்த நிமிடமே விட்டிருப்பார். ஆனால் சின்னவளைக் காப்பாற்ற உன்னைக் கொடுக்க வேண்டும், மறுபடியும் உன்னையே. கை அதுவரை போய்த் திரும்பிவிட்டது. நாய்க்குட்டிக் கதையைத் தந்தது தப்பு, இனி எந்தக் கதையும் தர மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். 'இந்த நேரத்துல வந்து சொன்னா நாளைக்கு நான் எதைப் பேசறது' என்றார். உங்களைப் பற்றிப் பேசுங்கள் என்றேன். 'என்னைப் பத்தி என்ன இருக்கு' என்று உண்மையாகவே யோசித்துக் கேட்டார்.

மறுநாள் சின்னவள் ஆலயத்துக்கு வந்தாள். 'ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிடுவேன்' என்று பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிரசங்கத்தில் அந்த இடம் வந்தது. அப்பா தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பேசாமல் நின்றார். நின்றுகொண்டே இருந்ததில், முடிந்துவிட்டதென்று நினைத்து ஆர்கன்காரர் கடைசிப் பாட்டை வாசிக்கத் தொடங்கிவிட்டார். அப்பா இறங்கிவிட்டார். சீக்கிரம் விட்டதில் சபைக்குச் சந்தோஷம். எங்களுக்குத்தான் அன்றிலிருந்து வீட்டில் காற்றே இல்லாததுபோல் இருக்கிறது. 'இந்த வீட்ல இனி வாயைத் திறக்க யார்கிட்ட அனுமதி கேக்கணும்' என்றார் ஒரு நாள். 'யாரைப் பத்திப் பேசறீங்களோ அவங்ககிட்டப்பா' என்றாள் இவள், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே. அவர் கெட்டவரில்லை. அவருடைய அன்பு வாய் வழியாகத்தான் வரும், இப்போது அந்த வழியை நான் அடைத்துவிட்டேன். தினமும் மாலையில் 'பெரியவன் ஏன் எழுதல' என்று கேட்கிறார். வேலை அதிகமாயிருக்கும் என்கிறேன். உன் கடிதம் என்னிடமே இருக்கும்போது அப்படிச் சொல்கிறேன், சின்னவள் என் முகத்தைப் பார்க்கிறாள்.

அதனால் கேட்கிறேன். அதை அப்பாவிடம் காட்டலாமா? கூடாதென்றால் கூடாது, காரணம் கேட்க மாட்டேன், இப்படியே இருந்துகொள்கிறேன்.

பதில் போடும்போது உறையின்மேல் 'சொந்தக் கடிதம்' என்று பெரிதாக எழுது. புதிதாக வந்த ஆபீஸ் கிளார்க் எல்லாவற்றையும் பிரித்துவிட்டுத்தான் பெயரைப் பார்க்கிறார். குளிரில் காதை மூடிக்கொள். உங்கள் மூவர்மேலும் கடவுளின் கை இருக்கட்டும். இன்னொன்று, உன் மகளுக்குப் பேச்சு நன்றாக வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அவள் உன் காதோடு ஏதாவது சொன்னால் எனக்கு எழுதாதே. நான் ஆசைப்பட்டுக் கேட்டாலும் எழுதாதே.

உன்
அம்மா