கடவுளின் கரம் எங்கே என்று கேட்கும் வகுப்பு

கான்சஸ்,
தவக்காலத்தின் மூன்றாம் வாரம்

அன்புள்ள ஹெட்டி,

உன்னை சிஸ்டர் கிளமென்ட் என்று எழுத இந்த வயதிலும் என் கை பழகவில்லை. மடத்துப் பள்ளியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து என் விடைகளை எட்டிப் பார்த்தவளை வேறு எப்படி அழைப்பது? பொலிவியாவில் உன் மூச்சிரைப்பு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்.

இங்கே கோதுமை தலைகாட்டிவிட்டது, மழைதான் போதவில்லை. என் இடது முழங்கால் மறுபடி வீங்கியிருக்கிறது. எமிலின் கல்லறைக் கல்லில் பெயரைச் சரியாகப் பொறித்துவிட்டு வருடத்தைக் கோணலாகப் பொறித்திருக்கிறார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன். எமில் இருந்திருந்தால், கல்யாணமான நாளிலிருந்து சொன்னதுபோல, போனால் போகிறது என்றிருப்பார். நான் அப்படி விடுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இன்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

பக்கத்து வீட்டு லோர்னாதான் என்னை இதில் இழுத்துவிட்டவள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்கும் குடும்பங்கள் செவ்வாய்க்கிழமைதோறும் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் நிலவறையில் கூடுகின்றன. அவர்களுக்குச் சரித்திரம் நடத்த ஆள் இல்லை. கத்தோலிக்கக் கிழவி ஒருத்தியைச் சேர்ப்பதா என்று முதலில் தயங்கினார்கள். லோர்னாவின் கணவன் டேரல் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "என்னம்மா, போப் சௌக்கியமா? லெட்டர் கிட்டர் போட்டாரா?" என்பான். "போட்டார், உன் எழுத்துப்பிழையைத் திருத்தச் சொல்லிப் போட்டார்" என்பேன். அவ்வளவில் சமாதானம்.

அவர்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பாடம் எதுவானாலும், போரோ பஞ்சமோ, முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று, அதில் கடவுளின் கரம் எங்கே தெரிந்தது என்று சொல்ல வேண்டும். கடைசியில் ஆசிரியர் சொல்வார். நான் இதைக் குறை சொன்னதில்லை. நாமும் அப்படித்தானே வளர்ந்தோம். என் முறை வந்தால் இரண்டு வாக்கியத்தில், பிசிறில்லாமல் சொல்லி முடிப்பேன்.

போன மே மாதச் சூறாவளியைப் பற்றி அப்போதே உனக்கு எழுதினேன். சாலைக்கு இந்தப் பக்கம் எங்களை விட்டுவிட்டு, அந்தப் பக்கம் கோரின் யோடரின் வீட்டை எடுத்துக்கொண்டு போனது. வாடகை வீடு, நிலவறை இல்லை. குளியலறையில் பதுங்கியிருந்த தாயின் பிடியிலிருந்து சின்னவன் ஜோயல் போய்விட்டான். மூத்தவள் ஆட்ராவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதற்கடுத்த ஞாயிறுகளில் தேவாலயத்தில் ஊரெல்லாம் சாட்சி சொன்னது. எங்கள் கூரைமேல் அவர் கரம் இருந்தது, எங்கள் கொட்டகையை அவர் கரம் மூடியது என்று ஆளுக்கு ஆள் எழுந்து சொன்னார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கோரினும் அவர்கள் நடுவில் ஒரு பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரியில், மழை பொய்த்து மண்ணே பறந்த முப்பதுகளின் புழுதிப் புயல் காலத்தைப் பாடமாக நடத்தினேன், நம் அம்மாக்கள் ஈரத் துணியை ஜன்னலில் அடைத்துக்கொண்டு வாழ்ந்த அந்த வருடங்களை. தாய்மார்கள் முறைபோட்டுப் பின்வரிசையில் உதவிக்கு உட்காருவார்கள். அன்று கோரினின் முறை. லோர்னாவின் மகன் வெஸ்டன் எழுந்து, ஜெபம் செய்தவர்களைக் கடவுளின் கரம் காப்பாற்றியது என்றான். நல்ல பையன், வீட்டில் கேட்டதைச் சொன்னான். கோரின் ஆட்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். அப்புறம் இருவரும் வரவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து நான் அந்தக் கேள்வியை நிறுத்திவிட்டேன், யாரையும் கேட்காமல். அதுதான் இரக்கம் என்று நினைத்தேன். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பிளம்ஸ் வைத்த கொலாச்சி ரொட்டி சுட்டு, கோரினிடம் அதைச் சொல்லப் போனேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

கதவைத் திறந்தவள் தட்டை வாங்கி வைத்துவிட்டு நின்றபடியே பேசினாள். "ஏன் நிறுத்துனீங்க? இப்ப என்னாலதான் கிளாஸ்ல கடவுள் பேச்சே இல்லன்னு ஆகிப்போச்சு. கடையில என்னப் பாத்தா தள்ளுவண்டியத் திருப்பிக்கிட்டுப் போறாங்க. நல்லது பண்றேன்னு என் வாயையும் சேத்து அடைச்சிட்டீங்கம்மா" என்றாள்.

நான் வெஸ்டன் சின்னப் பையன் என்று ஏதோ சொன்னேன்.

"அவன் மேல கோவமில்ல. நாங்களும்தான் ஜெபம் பண்ணோம். ஜோயல்தான் எல்லாரையும்விடச் சத்தமாப் பண்ணான். ஏழு வயசு, சத்தமாப் பண்ணாத்தான் கேக்கும்னு நெனச்சிருக்கான்" என்றாள்.

ஹெட்டி, நான் அவள் அடுப்பங்கரை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் அவள் தனக்கு என்ன வேண்டும் என்று சொன்னாள். "கேள்வியத் திரும்ப வைங்க. நாங்க வர்றோம். எங்க முறை வந்தா தெரியலன்னு சொல்ல விடுங்க. பக்கத்துல இருக்கறவங்க அதத் திருத்தக் கூடாது. அவ்ளோதான்."

ஆசிரியையாக இருந்த காலத்தில் எத்தனை பிள்ளைகளை, தெரியாது என்பது பதிலாகாது என்று நிற்கவைத்தவள் நான். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன செவ்வாய் இருவரும் வந்தார்கள். முடிவில் கேள்வியை வைத்தேன். ஆட்ரா எழுந்து, "தெரியல" என்றாள். பின்வரிசையிலிருந்து லோர்னா, "பரவால்ல கண்ணு, ஆன்ட்டி எடுத்துக் குடுக்கறேன்" என்று ஆரம்பித்தாள். அத்தனை தாய்மார்கள் முன்னால், "லோர்னா, உட்காரும்மா" என்றேன். உட்கார்ந்தாள். கடைசியில் என் முறை. வழக்கமான இரண்டு வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. எனக்கும் தெரியவில்லை என்றேன்.

அன்று மாலையே லோர்னா என் சமையலறைக்கு வந்து அழுதாள். "இதுக்காகத்தானே புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்ல வச்சிக்கிட்டுக் கஷ்டப்படறோம். டீச்சரே தெரியலன்னா அப்புறம் எதுக்கு இதெல்லாம்? வெஸ்டன் கேக்கறான், அப்போ நாம ஜெபம் பண்ணதால தப்பிக்கலியாம்மான்னு. நான் அவனுக்கு என்னத்தச் சொல்ல?" என்றாள். அவள் கெட்டவள் இல்லை ஹெட்டி. பயந்திருக்கிறாள். அந்தச் சூறாவளி இரவில் நான் அவள் வீட்டு நிலவறையில்தான் இருந்தேன்; என் தோளைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தவள் அவள்தான்.

வியாழக்கிழமை தாய்மார்கள் கூட்டம் கூடுகிறது என்றாள். நான் சொன்னது வேறு அர்த்தத்தில் என்று பிள்ளைகளிடம் விளக்கிவிட்டால் வகுப்பு என்னிடமே இருக்கும். இல்லாவிட்டால் ஆளை மாற்றுவதோடு, பதில் சொல்ல முடியாத பிள்ளைக்கு இடமில்லை என்றும் முடிவாகிவிடும் என்று பயந்தாள். நான் ஒரு பேரம் பேசினேன். வாழ்க்கையில் பேரம் பேசியவள் இல்லை நான், சந்தையில்கூட. நானே விலகிக்கொள்கிறேன், சண்டையில்லாமல், உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆட்ரா தெரியவில்லை என்று சொன்னால் யாரும் வாய் திறக்கக் கூடாது, அதைக் கூட்டத்தில் எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றேன்.

இன்று காலை தொலைபேசியில் சொன்னாள், ஒப்புக்கொண்டார்களாம். இனி டேரல் நடத்துவான். அவனுக்கு இரண்டு உலகப் போர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. போகட்டும். ஆட்ரா அடுத்த செவ்வாயும் வருவாள், கோரின் அங்கே தாய்மார்களுக்குக் காபி போட்டுத் தர ஒத்துக்கொண்டிருக்கிறாள். உடம்பு முடியவில்லை என்று சொன்னது பொய் என்றுதான் நினைத்தேன். இப்போது உட்கார்ந்து எழுதும்போது அவ்வளவு பொய்யாகத் தோன்றவில்லை.

எமில் போனபோது நீ எனக்கு நீளமாக எழுதினாய். ஒவ்வொரு வரியும் சரிதான், எழுத்துப்பிழைகூட இல்லை. நன்றி என்று பதில் போட்டேன். இப்போது ஒன்று கேட்கிறேன். கோரினுக்கு ஒரு கடிதம் எழுது. ஜோயலின் பெயரைப் போட்டு எழுது, இங்கே யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. ஏன் நடந்தது என்று காரணம் மட்டும் எதுவும் எழுதாதே.

அப்புறம் நேரமிருந்தால் எனக்கும் அப்படியே ஒன்று எழுது.

ஆண்டவர் உன் மூச்சைச் சீராக வைக்கட்டும்.

உன்
ரோசலியா வாவ்ரா