கொட்டாம்பட்டிக் காரை வீட்டிலிருந்தே சரிசெய்தாய்

ராசா,

இன்று காலை ரேஷன் கடையிலிருந்து திரும்பும்போது ஒரு வெள்ளைக் கார் என்னைத் தாண்டிப் போனது. உள்ளே ஆட்களை அடைத்து வைத்திருந்தான். மேட்டில் ஏறும்போது கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் மிதித்தான். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம் வந்தது. பையை ரோட்டோரம் வைத்துவிட்டு நின்றுவிட்டேன்.

கூட வந்த மேலவீட்டுக்காரி, "என்னத்தா, கிறுகிறுன்னு வருதா?" என்றாள்.

"இல்லடி, அந்த எஞ்சின் தட்டுது" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

என் மகன் சொல்லித் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். பையை அவள்தான் தூக்கி வந்தாள்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் நீ செய்த வேலை என்ன என்று இந்தக் கல்லுப்பட்டியில் யார் கேட்டாலும் விளக்கிச் சொல்வேன். காருக்குள் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், எந்த நேரத்தில் பொறி வைக்க வேண்டும் என்று எஞ்சினுக்குச் சொல்வது அதுதான். கம்பெனிக்காரன் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கணக்கை அதில் எழுதி அனுப்புகிறான். வேகம் வேண்டும் என்கிறவனுக்கு நீ அந்தக் கணக்கைத் திருத்தி எழுதினாய். பேராசைப்பட்டுத் திருத்தினால் பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்னாலேயே பற்றிக்கொண்டு பிஸ்டனை அடிக்கும். அந்த அடிதான் கூழாங்கல் சத்தம். "அந்தச் சத்தம் கேட்டும் மிதிச்சான்னா எஞ்சின் செத்துரும்மா" என்று நீதான் சொன்னாய்.

நீ சொன்னதை நான் காதால் மட்டும் கேட்கவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறேன். மதுரையில் உன் பழங்காநத்தம் கடைக்கு நான் வந்திருந்தபோது ஒரு விடியற்காலை, சாலை காலியாக இருக்கும் நேரம், யாரோ ஒருவருடைய காரை நாலு வழிச் சாலைக்கு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினாய். பக்கத்தில் உட்கார வேண்டியவர் வரவில்லை. லேப்டாப்பை என் மடியில் வைத்தாய்.

"இந்த நம்பரை மட்டும் பார்த்துச் சத்தமா வாசிம்மா. வேற எதையும் பாக்காத."

"நான் என்னடா கண்டேன்?"

"நம்பர் தெரியும்ல? பன்னெண்டுலயே நின்னா நல்லது. பதிமூணைத் தாண்டுனா பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். அப்பக் கத்து."

நீ மிதித்தாய். வயிறு முதுகோடு ஒட்டியது. நான், "பன்னெண்டு... பன்னெண்டு... பன்னெண்டே கால்..." என்று பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரி ஒப்பித்துக்கொண்டே வந்தேன். பதிமூன்று என்று காட்டியதும், "பதிமூணுடா, பதிமூணுடா, விடுறா காலை!" என்று போட்ட கூச்சலில் உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாய். "உன்னைவிட நல்ல ஆளு மதுரையில கிடையாதும்மா" என்றாய். இறங்கி பானெட்டைத் திறந்து, குனிந்து மோந்து பார்த்தாய். ஒரு ரப்பர் குழாயை விரலால் அமுக்கினாய். லேப்டாப்பில் இல்லாத ஏதோ ஒன்று அந்தக் குழாயில் உனக்குக் கிடைத்தது. அதை மாற்றிய பிறகு நம்பர் பன்னிரண்டைத் தாண்டவில்லை.

அப்புறம் காலம் மாறியது. ஊர் ஊராக ஆட்கள் போனில் வந்தார்கள். ஹைதராபாத்காரன் ஒருவன், துபாயில் இருக்கிற நம் ஊர்ப் பையன் ஒருவன். அவர்கள் தங்கள் காரில் ஒரு ஒயரைச் செருகி, ஓட்டி, அந்த ஓட்டத்தின் நம்பர்களை எல்லாம் பதிந்து உனக்கு அனுப்புவார்கள். நீ பழங்காநத்தத்தில் உட்கார்ந்தபடியே கணக்கைத் திருத்தித் திருப்பி அனுப்புவாய். அவர்கள் மறுபடி ஓட்டி, மறுபடி அனுப்புவார்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. "புள்ளைக்குக் காய்ச்சல்னா தொட்டுப் பாக்காம மருந்து குடுக்கலாமாடா?" என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை. கேட்பது அம்மாதானே என்று அலட்சியமாகப் பதில் சொல்கிறவன் இல்லை நீ.

"அதுலயும் நல்லது இருக்கும்மா. பக்கத்துல உக்காந்திருந்தான்னா, 'அண்ணே, இன்னும் கொஞ்சம்ணே'ன்னு மூஞ்சியைத் தொங்கப் போடுவான். எனக்கும் மனசு இளகிரும், ஒரு பிடி கூடக் குடுத்துருவேன். தூரத்துல இருந்தா நம்பரை மட்டும்தான் பாப்பேன். ஒரு நாள் வச்சுப் பொறுமையா யோசிப்பேன்."

"அப்ப அதுவே போதும்னு சொல்லு."

"போதாது. அவன் எதை அனுப்புறானோ அதுதான எனக்குத் தெரியும்? நல்லா ஓடுனதை மட்டும் அனுப்புவான். பக்கத்து ஊருக்காரன்னா நான் போய்த்தான் உக்காருவேன். தொட முடியாத தூரத்துக்குத்தான் இந்த வழி."

இந்தப் பேச்சை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இப்போது இவ்வளவு வலிக்காது.

மருமகள் தவறிப்போன பிறகு நீ கடைக்கு மேலேயே ஒற்றை அறையில் தங்கிவிட்டாய். பேத்தி கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படித்தாள். நான் இங்கே மாட்டைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். "வந்து இரும்மா" என்று நீ கூப்பிட்டபோதெல்லாம் மாட்டைத்தான் காரணம் சொன்னேன். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாத தூரம். ஆனாலும் போன் இருக்கிறதே என்று இருந்தேன். தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவாய்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சும்மா."

"என்ன குழம்பு?"

ஏதாவது ஒரு குழம்பைச் சொல்வாய். உன் முகம் மட்டும் தெரியும். போன தை மாதத்துக்கு மேல் அந்த முகம் உப்பி வந்தது. கண்ணுக்குக் கீழே தடித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ராசா. பெண்டாட்டி போன துக்கத்தில் ஓடாக இளைத்தவன், இப்போதுதான் உடம்பு பூசியிருக்கிறான் என்று நினைத்தேன். "நல்லா சதை போட்டிருக்கடா, திருஷ்டி பட்டுறப் போவுது" என்று போனிலேயே உனக்கு நெட்டி முறித்தேன். மேலவீட்டுக்காரியிடமும் போய்ப் பெருமையடித்தேன். நீ, "ஆமாம்மா, நல்லாத் தூங்குறேன்ல" என்றாய்.

சித்திரையில் ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாய்: "கொட்டாம்பட்டித் தம்பி கார் வேலை ஒண்ணு வந்துச்சும்மா. வீட்டுல இருந்தே பண்ணிட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடேயப்பா, என் புள்ள எழுந்திரிக்காமலே எஞ்சினைத் திருத்துறான்" என்றேன்.

கொட்டாம்பட்டி துபாயில் இல்லை. மதுரையிலிருந்து திருச்சி பஸ்ஸில் ஏறினால் வந்துவிடுகிற ஊர். பக்கத்து ஊர்க் கார் என்றால் போய்த்தான் உட்காருவேன் என்று சொன்னவன், அதை ஏன் தொடாமல் செய்தான்? அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். உன் வேலையின் இரண்டு வழியும் தெரிந்தவள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவளுக்கு அது தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து, பழங்காநத்தத்தில் உன் கடைக்குக் கீழே டீக்கடை வைத்திருப்பவர்தான் பேத்திக்குப் போன் செய்தார். நீ குளியலறையில் விழுந்து கிடந்தாயாம். பெரிய ஆஸ்பத்திரியில் உன் கட்டிலைத் தேடி நான் வந்தபோது நீ கண் திறந்து பார்த்தாய்.

"நீ எதுக்கும்மா வந்த? மாட்டை யாரு பாக்குறா?"

நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

நர்ஸ் போர்வையை விலக்கினாள். அந்தக் கால்களை நான் பெற்ற பிள்ளையின் கால்கள் என்று சொல்ல முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு வாழைத்தண்டு. அவள் கட்டைவிரலால் எலும்பின் மேல் ஒரு அழுத்து அழுத்தினாள். குழி விழுந்தது. அப்படியே நின்றது. அவள் போன பிறகு நானும் வேறோர் இடத்தில் அழுத்திப் பார்த்தேன். அங்கேயும் விழுந்தது. எழும்பவில்லை.

"ரெண்டு கிட்னியும் எப்பவோ போயிருச்சும்மா. மாசக்கணக்கா வீங்கியிருக்கணும். வீட்டுல யாருமே பாக்கலையா?" என்று டாக்டர் கேட்டார்.

"தினமும் பாத்தேன் சார்" என்றேன். "போன்ல."

மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

கருமாதியன்று கொட்டாம்பட்டித் தம்பி வந்தது. சின்ன வயது, விவசாயக் குடும்பம். பந்தலில் உட்காராமல் என் காலடியில் வந்து குந்தியது.

"அண்ணன்கிட்ட, 'காரை எடுத்துக்கிட்டு நானே மதுரைக்கு வாரேன்'னுதான் சொன்னேன் அப்பத்தா. 'வேணாம் மாப்ள, நீ ஓட்டிப் பதிஞ்சு அனுப்பு, போதும்'னுட்டாரு. நானும் விடியக்காலை, குளுகுளுன்னு இருக்கையில, அவரு சொன்ன ஒசத்தி பெட்ரோலப் போட்டு ஓட்டி அனுப்புனேன். எல்லாம் சுத்தமா இருக்குன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் சாதா பெட்ரோலை ஊத்திட்டேன். ஒசத்தி பெட்ரோல் டெஸ்ட்டுக்கு மட்டும்னு நெனச்சேன். கல்யாணத்துக்கு அஞ்சு பேரு, ஏசியப் போட்டுக்கிட்டு மத்தியான வெயில்ல போனோம். கல்லு உருளுற மாதிரி சத்தம். போன் அடிச்சேன். 'நிறுத்துடா, இனி ஒரு அடி நகத்தாத'ன்னாரு. மூணு மணி நேரத்துல பஸ்ஸப் புடிச்சு அவரே வந்துட்டாரு."

நீ வந்தாய். நடக்க முடியாத கால்களோடு, செருப்பு வாரைப் போடாமல் இழுத்துக்கொண்டு வந்தாய். காரில் ஏறி உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை மிதிக்கச் சொல்லிக் கேட்டாயாம். "எந்த பெட்ரோல் மாப்ள?" என்று கேட்டாயாம். ரோட்டோரப் புளிய மரத்தடியிலேயே பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி, வேகத்தைக் குறைத்து, எந்தப் பெட்ரோலுக்கும் எந்த வெயிலுக்கும் தாங்குகிற மாதிரி எழுதிக் கொடுத்தாயாம். எஞ்சின் பிழைத்தது.

"காலைப் பாத்துட்டுக் கேட்டேன் அப்பத்தா. 'அண்ணே, என்னண்ணே இப்படி வீங்கியிருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவம்'னேன். 'பஸ்ல காலைத் தொங்கப் போட்டு வந்தேன்ல, அதான்'னாரு. நம்பிட்டேன்."

சொல்லிவிட்டு அந்தத் தம்பி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டது. நான் அதன் தலையில் கை வைத்தேன். அதைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அது ஒரே ஒரு தடவைதான் ஏமாந்தது. உன் முகத்தை அது தினமும் பார்க்கவில்லை. எனக்குத்தான் போனில் அனுப்பினாய், நான் பார்த்தேன். அந்தத் தம்பியைப் போலவே, குளிர்ந்த வேளையில் ஓட்டியதை மட்டும் நீ எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தாய்.

ஏன் மறைத்தாய் என்று இப்போதும் சில நாள் உன் மேல் ஆத்திரம் வருகிறது. வாய்விட்டே திட்டிவிடுகிறேன். எவனோ ஒருவனுடைய இரும்புக்காக அந்த வெயிலில் பஸ் ஏறினாயே, உனக்காக ஒரு தடவை ஆஸ்பத்திரிப் படி ஏறினாயா? உடனே இன்னொன்றும் தோன்றுகிறது. அவன் காரில் சத்தம் கேட்டதும் நீ கிளம்பிப் போனாய். உன் முகம் உப்பியபோது நான் கிளம்பவில்லை.

மாட்டை ஆடி மாதம் கொடுத்துவிட்டேன். இப்போது எனக்கு மாடும் இல்லை, சாக்கும் இல்லை.

போன வாரம் பேத்தி போனில் பேசும்போது குரல் கொஞ்சம் கம்மியது. "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல அப்பத்தா, நல்லா இருக்கேன்" என்றாள். மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறினேன். மதுரை ஆரப்பாளையத்தில் மாறி, கோயம்புத்தூரில் இறங்கி, விசாரித்து விசாரித்து அவள் ஹாஸ்டல் வாசலில் போய் நின்றேன். கேட்டுக்கு வந்தவள் என்னைப் பார்த்துத் திகைத்துப் போனாள். வாசலில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் அவளை உட்கார வைத்து, "காலைக் காட்டு" என்றேன்.

"அய்யோ அப்பத்தா, எல்லாரும் பாக்குறாங்க. இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்த? போன்ல கேட்டா சொல்ல மாட்டேனா?"

"கேட்டேன்ல. நல்லா இருக்கேன்னு சொன்ன. அதான் வந்தேன்."

அவள் காலை நீட்டினாள். கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். எடுத்ததும் சதை மேலே எழும்பியது. குழி இல்லை. சும்மா சளிதான் பிடித்திருந்தது. ஆனாலும் விரலை மறுபடி வைத்தேன், மறுபடி வைத்தேன். அவள் அழ ஆரம்பித்த பிறகும் எடுக்கவில்லை. உன் காலில் விழுந்த குழி இந்த விரலடியில் இன்னும் இருக்கிறது, ராசா. எந்தக் காலைத் தொட்டாலும் முதலில் அதுதான் தட்டுப்படுகிறது.