சளி டப்பா

என் மகளுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதி மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஐந்து நாள் ஊசி போட்டும் பேரனுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. நேற்று வார்டில் டாக்டர், "வீட்ல யாருக்காச்சும் ரொம்ப நாளா இருமல் இருக்கா?" என்று கேட்டார். "அப்பாவுக்கு இருக்கு டாக்டர். ஆனா டிபி டெஸ்ட் பண்ணியாச்சு, ஒன்னும் இல்லை" என்றாய். பக்கத்திலேயே நின்றேன். பிள்ளை மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்துக்கொண்டே வாயை மூடி நின்றேன்.

அந்த டிபி டெஸ்டுக்குப் போனபோது கிளினிக்கில் நர்ஸ் டப்பாவைக் கொடுத்து, "அங்கிள், எச்சி வேணாம். நெஞ்சுக்குள்ளருந்து இருமி சளி எடுங்க" என்று தெளிவாகத்தான் சொன்னார். மூன்று நாள் காலையிலும் வெறும் எச்சிலைத்தான் துப்பிக் கொடுத்தேன். எக்ஸ்ரேவுக்கு வரச் சொன்னார்கள், போகவில்லை. நீ பிரசவமாகி நம் வீட்டுக்கு வந்திருந்த நேரம். நோய் என்று தெரிந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பத்து பெரண்டாமில் இருக்கும் உன் வீட்டுக்கே திரும்பிவிடுவாய் என்று பயந்தேன்.

நாற்பது நாளும் அவன் என் நெஞ்சில்தான் தூங்கினான்.

இன்று காலை கிளினிக்கில் ஒழுங்காக இருமிக் கொடுத்துவிட்டேன். சளியில் ரத்தம் இருந்தது. இந்தக் கடிதத்தை முதலில் டாக்டரிடம் காட்டு. என் மேல் கோபப்படுவதை அப்புறம் வைத்துக்கொள், அம்மா.

இனி வார்டுப் பக்கம் வராத,
உன் அப்பா