ஆத்தா குடுக்காத உத்தரவு

நாமக்கல்
புதன்கிழமை

என்ற மக நித்யஸ்ரீக்கு அப்பன் எழுதறது. இங்க நானு, உங்கம்மா, நாலு ஆடு, ஆரைப் பாத்தாலும் முறைக்கற அந்தச் சேவலு, எல்லாரும் சௌக்கியம். அங்க நீயும், உன்ற நெத்தியில போட்ட மூணு தையலும், நீ கக்கத்துல இடுக்கிக்கிட்டுத் திரியற அலைப் பலகையும் சௌக்கியமா இருக்கோணும்னு உங்கம்மா தெனம் கும்பிடறா, நான் பக்கத்துல நின்னுக்கறேன்.

போன்ல சொன்னா ஆகாதாப்பான்னு கேப்பே. போன் வந்தா உங்கம்மா ஸ்பீக்கர்ல போட்டு மடியில வெச்சுக்கறா. மெசேஜ் அடிக்கலாம்னா எனக்கு ஒரு வெரல்தான் வேலை செய்யுது, கண்ணுன்னு அடிக்கறதுக்குள்ள டீ ஆறிப் போகுது. அதனால பேப்பர்ல எழுதி ராசப்பன் ஜெராக்ஸ் கடையில போட்டோ புடிச்சு உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கேன். படிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கான். ஏ ராசப்பா, இந்த எடத்துல சிரிச்சீன்னா மாட்டிக்கிட்டேன்னு அர்த்தம், மூடிக்கிட்டுப் போட்டோ எடு.

நீ அனுப்புன படமெல்லாம் பாத்தோம் சாமி. மெல்போர்ன் ஆபீசுல மூணு மாசம் லீவு சொல்லிப்போட்டு, மூட்டைய முதுகுல கட்டிக்கிட்டு, கடக்கரையோரமாவே ஊர் ஊராப் போயி, எட்டுப் பேரு தூங்கற ரூம்புல படுத்து எந்திரிக்கறதுக்குப் பேரு சுத்துலாங்கறே, சரி. காட்டுல ஈமு கோழியப் பாத்தேன்னு அதிசயமா அனுப்பியிருந்தே. ஏங் கண்ணு, அதைப் பாக்க அத்தனை தூரம் போகோணுமா, நம்ம பக்கம் ஒரு காலத்துல வேலி போட்டு வளத்தி, அப்புறம் தீனி போட முடியாம அவுத்து உட்டு, அதுல ஒண்ணு மோகனூர் ரோட்டுல லாரிக்கு முன்னால ஓடுனதைப் பாத்து நீ அழுதவதான. மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்குதே ஒண்ணு, அது அச்சு அசலா உன்ற சித்தப்பன் மாதிரி இருக்குதுங்கறா உங்கம்மா. என்ற தம்பிய அப்படிச் சொல்லலாமான்னு கோவப்படலாம்னு மறுக்காப் படத்தைப் பாத்தேன், கோவம் வரலை. நீ பலகை மேல உக்காந்திருக்கறப்ப கொஞ்ச தூரத்துல திமிங்கலம் முதுகு எந்திரிச்சுதுன்னியே, அதை மட்டும் உங்கம்மாகிட்ட மீனுன்னு சொல்லி வெச்சிருக்கேன். பெரிய மீனுங்களான்னு கேட்டா. மத்தி மீனை விடக் கொஞ்சம் பெருசுன்னேன்.

அலை மேல நிக்கப் பழகற மொத வீடியோவுல பதினோரு தடவ உழுந்தே, நான் எண்ணுனேன். காவேரியில முழங்கால் தண்ணிக்கு மேல எறங்க மாட்டேன்னு உங்கம்மா சீலையப் புடிச்சுக்கிட்டு நின்னவ, கடலுக்குள்ள அத்தனை தடவ உழுந்து எந்திரிக்கறாளேன்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். போன வாரம் வந்த வீடியோவுல நான் ஏழு எண்ற வரைக்கும் நின்னே. பொரிச்ச கோழிக்குஞ்சு மொத நாள் காலை அகட்டி நிக்குமே, அந்த மாதிரித்தான் நின்னே, ரொம்பப் பெருமைப்பட்டுக்காதே. ஆனா நின்னே. டீக்கடையில நாலு பேருக்குக் காட்டுனேன்.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுப் பலகை திரும்பி நெத்தியில அடிச்சுதா, வீடியோ கால்ல தையலைப் பாத்துட்டு உங்கம்மா ஒரு நேரம் சோறு திங்கலை. ஊருக்கு வந்துரு, அங்க பாத்த வேலைய இங்க சேலத்துல பாருன்னா. அதுக்கு நீ, இன்னும் ரெண்டு மாசம் இங்கயே இருந்து சின்னக் கொழந்தைகளுக்குச் சொல்லிக் குடுக்கறயான்னு எங்க மாஸ்டர் கேக்கறாரும்மா, எனக்கு இருக்கோணும்னு ஆசையா இருக்குது, நீ வேண்டாம்னா வந்தர்றேன்னே. உடனே அவ, நான் ஆரு சொல்றதுக்கு, ஆத்தாகிட்டப் பூக் கேட்டுச் சொல்றேன்னுட்டா.

ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போனோம். பூக் கேக்கறது உனக்கு மறந்திருக்கும். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம் கட்டி ஆத்தா காலடியில வெக்கோணும். எது வந்தா என்னன்னு கேக்கறவங்க மனசுக்குள்ள நெனச்சுக்கோணும், பிரிக்கற வரைக்கும் வாயத் தொறந்து சொல்லக்கூடாது. பூசாரி கண்ண மூடி ஒண்ண எடுத்துப் பிரிப்பாரு. பூப் பறிச்சுப் பொட்டலம் கட்டற வேலை எனக்கு. எங்கூட்டுல எங்கப்பன் காலத்துல இருந்து வெள்ளைன்னா ஆகட்டும், செவப்புன்னா வேண்டாம். நீ ஆசைப்பட்டபடி அங்கயே இருக்கட்டும்னு, நான் கோயிலுக்குப் பொறத்தால போயி ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைய வெச்சுக் கட்டீட்டேன்.

பூசாரி பிரிச்சாரு, வெள்ளை. நான் சிரிப்ப அடக்கிக்கிட்டு நிக்கறேன், உங்கம்மா கண்ணுல ஒத்திக்கிட்டு, ஆத்தா என்ற மகளை வரச் சொல்லீட்டாங்கன்னு அழுவறா. ஏ கந்தம்மா, வெள்ளைன்னா அவ இருக்கட்டும்னுதானேன்னேன். இல்லைங்க, நெத்தியில ரத்தம் பாத்தாச்சு, அதனால செவப்பு வந்தா ரத்தத்தோட கண்டம் போச்சு, அவ இருக்கட்டும், வெள்ளை வந்தா ஊட்டுக்கு வரோணும்னு நெனச்சுக்கிட்டேன்னா. நாப்பது வருசம் குடும்பம் பண்ணுனவளை நான் தெரிஞ்சு வெச்சிருக்கற லட்சணம் அது. இன்னொரு பொட்டலத்தைப் பூசாரி பிரிக்கறதுக்குள்ள புடுங்கிக்கிட்டு வந்து வெளிய வேலிக்கு அந்தப்பக்கம் வீசீட்டேன். அதுக்குள்ள அவ போன் போட்டு உனக்குச் சொல்லி, நீயும் சரிம்மான்னு டிக்கெட் போட்டுட்டே.

அதனால கேட்டுக்க கண்ணு. ஆத்தா உன்னை வரச் சொல்லலை, இருக்கவும் சொல்லலை. ஆத்தாவை வாயத் தொறக்கவே உடாம பண்ணுனது நான். நீ சொன்ன சரிம்மா உன்ற அப்பனோட திருட்டுத்தனத்துக்குச் சொன்னது, அதுக்கு நீ கட்டுப்பட வேண்டியதில்லை. இதை அனுப்பிப்போட்டு நேரா ஊட்டுக்குப் போயி உங்கம்மாகிட்டச் சொல்லீருவேன். ரெண்டு நாள் மூஞ்சி குடுக்க மாட்டா, ஆத்தாளுக்குக் கெடா வெட்டோணும்பா, நம்ம நாலு ஆட்டுல ஒண்ணு போகும், போகட்டும். மறுக்காப் பூக் கேக்கலாம்னா நான் ஒத்துக்க மாட்டேன். இதைக் கேக்க வேண்டியது உன்னையத்தான்.

இன்னொண்ணையும் எழுதிப்போடறேன். ஞாயித்துக்கெழமையே இதை எழுதியிருக்கலாம். நீ வாரேன்னு சொன்னதுல இருந்து உன்ற ரூம்பக் கூட்டி உட்டு, ஃபேனைத் தொடச்சு, கட்டலுக்கு ஒரு காலு ஆடுதுன்னு ஆப்பு வெச்சுக்கிட்டு மூணு நாள் கம்முனு இருந்துட்டேன்.

டிக்கெட்டை மாத்தறதா இருந்தா சனிக்கெழமை வரைக்குந்தான் முடியும்னு நீயே சொன்னே, ஞாபகம் வெச்சுக்க. தையல் பிரிக்கற வரைக்கும் அந்த எடத்துல உப்புத் தண்ணி படாமப் பாத்துக்க. கடல்ல ஆனாலும் கரையில ஆனாலும் நல்லா இருக்கோணும் சாமி, நூறு வருசம் இருக்கோணும். இருக்கறேன்னாலும் வாரேன்னாலும் நீயே போன் போட்டு உங்கம்மாகிட்டச் சொல்லு. பக்கத்துலதான் இருப்பேன், வாயத் தொறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பூக்கட்டத் தெரியாத உன்ற அப்பன்
சின்னுசாமி